பிஸ்கற் ரின்னுக்குள் ஒரு தேர்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறும். எனக்குத் திருவிழா அதற்கு ஒரு கிழமை முந்தியே தொடங்கிவிடும். கனடா, சுவிஸ், லண்டன் என்று போனவர்கள் வந்து இறங்குவார்கள். முதல் இரண்டு நாள் நேரம் மாறிய நித்திரை. மூன்றாம் நாள் அம்மம்மா வீட்டு அலுமாரிக்கு மேலே, கதிரை வைத்து ஏறி, எதையாவது இறக்குவார்கள். பெரும்பாலும் அது ஒரு பிஸ்கற் ரின். நாலாம் நாள் அந்த ரின் என் கடை மேசையில் இருக்கும்.

பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளிச் சின்னக் கடை. போர்ட்டில் போட்டோக் கொப்பி, லமினேற், பாஸ்போர்ட் படம் என்றுதான் எழுதியிருக்கிறேன். வருடத்தில் பதினொரு மாதம் கம்பஸ் பிள்ளைகளின் நோட்ஸ் அடித்தே கடை ஓடுகிறது. அந்த ஒரு மாதம் மட்டும் நான் பழைய படக்காரன்.

ரின்னில் வரும் படங்கள் எனக்குப் பிடிக்கும். பிசுங்கான் ஓரம் மாதிரி நெளிநெளியாக வெட்டிய விளிம்புள்ள சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்கள். சாய்த்துப் பிடித்தால் இருட்டான இடங்கள் பாதரசம் பூசியதுபோல மினுங்கும். படத்துக்குள் இருக்கிற வெள்ளி மேலே வருகிறது, அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. அறுபது எழுபது வருடம் கறையானுக்கும் மழைக்கும் தப்பியவை, இன்னொரு அறுபது வருடம் தாங்கும். பயப்பட வேண்டியது எண்பதுகளின் கலர்ப் படங்களுக்குத்தான். நீலம் முதலில் செத்து, சாமத்திய வீடு, கலியாண வீடு எல்லாம் ஒரே செம்பாட்டு நிறமாகிவிடும். அதுவும் பசைத்தாள் அல்பத்தில் ஒட்டியிருந்தால் இன்னும் கரைச்சல். நகத்தால் கிளப்பப் போய்ப் படத்தின் முகத்தையே உரித்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கிளப்பாதீர்கள். மெல்லிய நூலைப் படத்துக்குக் கீழே விட்டு, அங்கும் இங்கும் மெதுவாக அறுத்துக்கொண்டு போனால் வரும். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட படம் என்றால் அதுவும் வேண்டாம். கண்ணாடியோடேயே கொண்டு வாருங்கள், ஸ்கான் பண்ணலாம்.

கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்குத் தேவை ஒரு முகம். எங்களூரில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடித்துக் கொடுப்பது வழக்கம். வெளியூர்க்காரர் கல்வெட்டு என்றதும் பாறையில் வெட்டியது என்று நினைப்பார்கள். இது சின்னப் புத்தகம். முன்னால் இறந்தவரின் படம், உள்ளே திதி வெண்பா, பிறந்த ஊர், கொண்டான் கொடுத்தான் வரலாறு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் புலம்பும் பாட்டுகள், பிறகு தேவார திருவாசகம். அந்த முன்பக்கத்துக்கு ஆளைத் தனியாக எடுத்த படம் இருப்பதில்லை. எங்கேயோ ஒரு கலியாண வீட்டில் மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவரின் கொண்டைக்குப் பின்னால் நின்றிருப்பார். அவரை அங்கிருந்து பெயர்த்து எடுத்து, மறைந்த தோளை ஒட்டி, வேட்டி சால்வையும் போட்டு விட வேண்டும். பரவாயில்லை, அது தொழில்.

செய்ய மாட்டேன் என்று சொன்ன வேலையும் உண்டு. முந்தி செத்த வீட்டில் குடும்பமே பிரேதத்தைச் சுற்றி நின்று படம் எடுக்கிற வழக்கம் இருந்தது. தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, மாலை போட்டு, பிள்ளைகள் இருபக்கமும் வரிசையாக. பல வீட்டில் பூட்டனுக்கு இருக்கிற ஒரேயொரு படம் அதுதான். அப்படி ஒன்றைக் கொண்டு வந்தவர், “கண்ணை மட்டும் திறந்து விடுங்கோ” என்றார். கைத்தொலைபேசியிலேயே இப்ப அதைச் செய்யலாமாம். செய்யட்டும். அந்தக் கண் யாருடையதாக இருக்கும் என்று யோசித்தேன், எனக்கு மனம் வரவில்லை.

கலர் அடிக்கும் வேலையையும் இரண்டு வருடமாகக் குறைத்துவிட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அம்மா அப்பாவின் அறுபதாவது கலியாண நாளுக்கென்று பிள்ளைகள் ரகசியமாகக் கொண்டு வந்த படத்துக்கு நிறம் கொடுத்தேன். கூறைச் சீலைதானே, யோசிக்காமல் நல்ல சிவப்பாக அடித்து, சட்டம் போட்டுக் கொடுத்தாயிற்று. அடுத்த நாள் மணப்பெண்ணே ஓட்டோவில் வந்து இறங்கினா. “தம்பி, என்ர கூறை கத்தரிப்பூ நிறம். அதுக்காக மாமியோட ரெண்டு வருசம் கதை இல்லாமல் இருந்தனான். நீர் ஒரு நிமிசத்தில சிவப்பாக்கிப் போட்டீர்.” மறுபடி அடித்துக் கொடுத்தேன். முதல் சட்டம் கடையில்தான் இருக்கிறது.

நல்லூர்ப் படங்களுக்கு வருவோம். கோயிலுக்குள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அதனால் பழைய படம் என்று எது வந்தாலும் அது வீதிப் படம்தான். பத்தாம் நாள் மஞ்சம், இருபத்திமூன்றாம் நாள் சப்பறம், இருபத்திநாலில் தேர். தேரை எடுக்காத கமராக்காரன் யாழ்ப்பாணத்தில் இல்லை. முகநூலில் அந்தப் படங்கள் ஒவ்வொரு ஆவணிக்கும் சுற்றும், அவற்றோடு ஆண்டுகளும் சுற்றும். யார் போடுகிறார்கள் என்று தெரியாது, எல்லாப் படமும் 1890தான். ஒருமுறை ஒரு அண்ணர், படித்தவர், கைத்தொலைபேசியை நீட்டி “இது சங்கிலியன் காலத்துக் கோயில் பாரும்” என்றார். யாழ்ப்பாணத்து அரசர் காலத்து அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது 1621இல். இப்போது நாங்கள் கும்பிடுவது ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், இரகுநாத மாப்பாண முதலியார் எழுப்பியதன் தொடர்ச்சி. கமரா உலகத்துக்கு வந்ததே 1839இல். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். “ஓம், ஆனால் பழைய படம்தானே” என்று முடித்துவிட்டார்.

காலத்தைக் கண்டுபிடிக்கத் தேரைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. ஓரத்தைப் பாருங்கள். தெற்கு வாசலில் ஒன்பது நிலைக் கோபுரம் தெரிந்தால் 2011க்குப் பிறகு, வடக்கிலும் தெரிந்தால் 2015க்குப் பிறகு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தூரத்தில் பஸ் நிற்கிறதா, அதில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சின்னம் இருக்கிறதா? இருந்தால் 1958க்கு இந்தப் பக்கம், ஏனென்றால் அந்த வருடம்தான் தனியார் பஸ்களை அரசு எடுத்தது. கார் நின்றால் இலக்கத் தகட்டைப் பெரிதாக்குங்கள். சிங்கள ஸ்ரீ எழுத்து ஐம்பதுகளின் பிற்பாதியில்தான் வந்தது. வந்த நேரத்தில் அந்த எழுத்துக்குத் தார் பூசி, தமிழ் ஸ்ரீ போட்டு ஓட்டிச் சிறை போனவர்கள் உண்டு. ஒரு தேர்ப் படத்தின் மூலையில் நிற்கிற ஒஸ்ரின் காரின் மூக்கில் இவ்வளவும் இருக்கும். காரை வைத்து மட்டும் முடிவெடுக்கவும் முடியாது. ஏ-40உம் மொறிஸ் மைனரும் வந்த நாளிலிருந்து இங்கே சாகவே இல்லையே. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது நானே ஏறிப் போன கார்.

மற்றப் படங்களும் வரும். கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயத்தின் முன்னால் தொப்பியோடு ஒரு தாத்தா. அந்தத் தேவாலயம் 1990க்குப் பிறகு கல் குவியல். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சைக்கிளோடு இரண்டு சிநேகிதர். அது 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த ஞாபகமாகக் காசு சேர்த்துக் கட்டியது, இரண்டு பேருக்கும் அது தெரிந்திருக்காது, சைக்கிள் புதிது, அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஸ்ரேசன் படங்களுக்குக் கணக்கில்லை. 1902இல் யாழ்ப்பாணத்துக்குத் தண்டவாளம் வந்ததிலிருந்து கொழும்புக்கு உத்தியோகத்துக்குப் போன ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் போல. 1956இல் யாழ்தேவி வந்தபின் யன்னலால் கை காட்டுகிற படம் கட்டாயம் ஒன்று. 1990இல் றெயில் நின்றது. திரும்ப யாழ்ப்பாணத்துக்குள் வந்தது 2014 ஒக்ரோபரில். அந்த இருபத்திநாலு வருடத்துக்கு ஸ்ரேசன் படமே ரின்களில் இல்லை.

நூலகப் படமும் அப்படித்தான். 1959இல் திறந்தபோது வெள்ளை வெளேரென்று நிற்கிற கட்டிடம், முன்னால் சரஸ்வதி. நான் பிறந்தது 1981. அந்த வருடம் மே 31 இரவு அது எரிந்தது. 97,000 வரையான புத்தகங்கள். ஒரு ரிட்டயர்ட் ரீச்சர் கொண்டு வந்த படத்தில் கட்டிடம் பாதிதான் பிடிபட்டிருந்தது, மிச்சம் முழுக்க அவவின் மூன்று மாணவிகள், இரட்டைப் பின்னல், கையில் புத்தகம். “இந்தப் புத்தகத்தை அவள் திருப்பிக் குடுக்கேல்லை. அது மட்டும்தான் தப்பிச்சுது” என்று ஒரு பிள்ளையைக் காட்டினா.

1974 தமிழாராய்ச்சி மாநாட்டுப் படங்கள் வரும்போது கொண்டு வருபவர்களின் குரலே மாறிவிடும். ஜனவரி 3 தொடக்கம் 10 வரை. எந்த ஒழுங்கையைப் பார்த்தாலும் வாழை, தோரணம், வளைவு. அலங்கார ஊர்திகள் ஊர்வலம் போன படம் ஒன்று என்னிடம் உண்டு, பின்னால் குத்துவிளக்கு மாதிரிச் செய்த ஏதோ ஒன்று கலங்கித் தெரியும். சிரிக்காத முகம் ஒன்று இல்லை. கடைசி நாள் வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் பொலிஸ் புகுந்து, மின்கம்பி அறுந்து, ஆட்கள் செத்தார்கள். படத்தைக் கொண்டு வந்தவர் பத்தாம் திகதிக்குப் படம் இல்லை என்றார். ரோல் ஒன்பதாம் திகதியோடு முடிந்துவிட்டதாம். நான் மேலே கேட்கவில்லை.

கேட்காமல் இருப்பதும் இந்தத் தொழிலில் பாதி. ஒரு கேள்வி கேட்டுப் பட்டது போதும். ஐந்து பெடியன்கள் தோளில் கை போட்டு நிற்கிற படம், நல்லூர்த் தெற்கு வீதியில் கச்சான் கடைக்கு முன்னால். தலை நாலுதான் இருந்தது. ஒருவனை யாரோ கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். அவனுடைய கை மட்டும் பக்கத்தில் நின்றவனின் தோளில் மிஞ்சிக் கிடந்தது. ஆமி வீடு வீடாகச் சோதித்த காலத்தில் அப்படி வெட்டாத அல்பம் குறைவு. வெட்ட மனமில்லாதவர்கள் பொலித்தீனில் சுற்றி வீட்டுக் கோடிக்குள் மண்ணில் தாட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும், கையில் மென்பொருள் இருக்கிற திமிரில், “அந்த இடத்தை நிரப்பி விடட்டோ அண்ணை?” என்று கேட்டுவிட்டேன். அவர் படத்தைத் திரும்ப எடுத்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் வந்து, “உள்ளபடி எடுத்துத் தாரும்” என்றார்.

எங்கள் வீட்டு அல்பம் கதையும் நீளமில்லை. 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு, மழை. சைக்கிள் ஹாண்டிலில் அரிசி, கரியரில் அப்பாச்சி. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்துக்கு விடிய விடிய நடை. அல்பம் றங்குப் பெட்டிக்குள். வந்து எடுக்கலாம் என்றார் அப்பா, இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருடம் வந்தபோது யன்னல் நிலையே இல்லை, றங்குப் பெட்டியை எங்கே தேடுவது. பதினாலு வயதுக்கு முந்திய என் முகம் எனக்குத் தெரியாது. அம்மா சொல்லுவா, நல்லூரில் அப்பாவின் தோளில் இருந்து தும்பு முட்டாஸ் தின்கிற படம் ஒன்று இருந்ததாம். மற்றவர்களின் தேர்ப் படங்களில் தோளில் பிள்ளை இருந்தால் பெரிதாக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. வருடம் பொருந்தாத படங்களிலும் பார்ப்பேன்.

சரி, இந்த முறை வந்த படம்.

மஞ்சத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் ஒரு அம்மா, எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும், ரொறன்ரோவிலிருந்து வந்த பேரனோடு வந்தா. கொண்டு வந்தது ஒரே படம். சதுரம், உள்ளங்கை அளவு, நெளி விளிம்பு. தேர் அசையும்போது எடுத்தபடியால் வடம் இழுப்பவர்களின் கால்கள் எல்லாம் புகை மாதிரி. வடத்தின் முன்பக்கத்தில் மேல் வெறும் உடம்போடு ஒருவர், வாயைத் திறந்து அரோகரா சொல்லும் நேரம். அதுதான் அவவின் மனுசன். முகம் ஒரு பயறு அளவு. பேரனுக்கு அந்த முகம் மட்டும் போதும், பெரிதாக்கிச் சுவரில் மாட்ட.

ஸ்கான் எடுத்துத் திரையில் போட்டேன். பழக்க தோஷம், முகத்தை விட்டுவிட்டு ஓரங்களை மேயத் தொடங்கினேன். சிதறு தேங்காய் பொறுக்கக் குனிந்த பொடியன்கள். சைக்கிள் கரியரில் ஐஸ்பழப் பெட்டி. மதிலில் வரிசையாகப் பெண்கள். தண்ணீர்ப் பந்தலில் மூக்குப்பேணி. வலது ஓரத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், படத்தில் விரித்த குடை அவரிடம் மட்டும்தான். குடையின் நிழல் காலடியில் கட்டையாக விழுந்திருந்தது. வெயில் ஏறிவிட்டது, தேர் சுற்றி முடிந்து தேர்முட்டிக்கு வருகிற நேரமாக இருக்க வேண்டும். பின்னால் ஒரு கார், தகட்டில் ஸ்ரீ. “அறுபது, அறுபத்தைந்துக்குள்ள இருக்கும் அம்மா” என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

“அறுபத்திமூண்டு” என்றா அவ. “மூத்தவள் வயித்தில. அந்தச் சனத்துக்குள்ள போகாதை எண்டு மாமி விடேல்லை. உந்தப் படம் முன்வீட்டு மாஸ்ரர் எடுத்தது. கமரா அவரிட்டைத்தான்.”

அன்றைக்கு அங்கே போகாத அவ, கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்ட வந்து ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினா. விரல் கண்ணாடியில் பட்டுப் பட்டு நகர்ந்தது. இவர் சங்கக் கடை மனேச்சர். இவன் பெரிய புளுகன், பிறகு சன்னியாசியாய்ப் போனவன். இந்தப் பிள்ளை, சாகும்போது பதினெட்டு வயசு. பேரன் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டான். நான் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே கொப்பி அடிக்க வந்த கம்பஸ் பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டது.

விரல் வலது ஓரத்துக்கு வந்ததும் நின்றது.

“உதைப் பெருப்பியும்.”

“ஆளையோ அம்மா?”

“ஆளை எனக்குத் தெரியும். குடையை.”

பெரிதாக்கினேன். துணி கறுப்பு. பிடி வளைந்த மூங்கில், இரண்டு கணு. கணுவுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது, நூலாக இருக்கலாம்.

“அது நான் சுத்தின நூல்” என்றா. “ஐயா எனக்குக் கொழும்பில இருந்து வாங்கி வந்த குடை. வெயிலெண்டு இவர் கொண்டு போனவர். வெறுங்கையோட வந்து, தேருக்குள்ள துலைச்சுப் போட்டன் எண்டார். அந்தக் கிழமை முழுக்க நான் கதைக்கேல்லை. செத்த வருசமும் ஒருக்கால் கேட்டனான், துலைஞ்சதுதான் எண்டார்.” திரும்பவும் திரையைப் பார்த்தா. “இஞ்சை பார், இவற்ர தங்கச்சியின்ர மனுசன்ர கையில கிடக்கு!”

பேரன் சிரிக்கத் தொடங்கினான். அவ சிரிக்கவில்லை. அறுபது வருடத்துக்கு முந்திய கோபம் அப்படியே முகத்தில் நின்றது, வயிற்றில் பிள்ளையோடு வாசலில் பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணின் கோபம். மனுசனின் முகத்தைப் பன்னிரண்டுக்குப் பதினைந்தில் எடுக்கச் சொன்னா. சட்டம் தேக்கில் வேண்டும், கண்ணாடி மினுங்கக் கூடாது, விலையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எல்லாம் பேசி முடித்து எழும்பி, வாசல்படி வரை போய்த் திரும்பி வந்தா.

“தம்பி, அந்தக் குடையையும் ஒண்டு தனிய எடும். கொஞ்சம் வெளிச்சமாக்கி, நூல் தெரியிற மாதிரி. மச்சாள் கொக்குவிலில உயிரோடதான் இருக்கிறா.”